விறகு அடுப்பு வாங்கும் முன்: கடையில் பார்ப்பதும் வீட்டில் சோதிப்பதும்

அடுப்புக் கடையில் நுழைந்ததும் கண்ணை இழுப்பது பளபளப்பு. தூக்கிப் பார்த்தால் மனதைக் கவர்வது கனம். இரண்டையும் நம்ப வேண்டாம். குனிந்து அடுப்பு வாய்க்குள் பாருங்கள். விறகு எங்கே உட்காரும், அதற்கு அடியில் காற்று நுழைய வழி இருக்கிறதா, சுடர் பாத்திரத்தைத் தொடும் முன் எரிந்து முடிய உள்ளே உயரம் இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் மண் அடுப்புகூட நன்றாக எரியும். சரியில்லாவிட்டால் எவர்சில்வர் அடுப்பும் ஊதாங்குழலைக் கையில் கொடுத்துவிடும்.

கேஸ் வந்த பிறகும் பல வீடுகளில் விறகு அடுப்பு கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. குளிக்க வெந்நீர், நெல் அவிக்க அண்டா, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, சிலிண்டர் தீர்ந்த அன்றைய சோறு என்று வேலை பலவிதம். எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் முடிவு செய்துவிடுவார்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய கணக்கு

அடிக்கடி ஏற்றும் பாத்திரம் ஒன்றையும், இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தையும் எடுத்து அடிப்பாகத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 20 செ.மீ. அடி உள்ள குக்கருக்குப் பொருந்தும் அடுப்பில் 40 செ.மீ. அண்டாவை ஏற்றினால் இரண்டு சிக்கல். ஒன்று, அண்டா ஆடும். மற்றொன்று, நடுவில் மட்டும் சூடேறி அடிபிடிக்கும். முடிந்தால் பாத்திரத்தையே கடைக்குக் கொண்டு போங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை.

அடுத்து விறகு. உங்களுக்குக் கிடைப்பது என்ன? சவுக்குக் கட்டையும் சீமைக்கருவேலமும் கிடைக்கும் ஊரில் பக்கவாட்டில் விறகைத் தள்ளும் அடுப்பு வசதி. தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி மட்டுமே இருக்கும் தோட்ட வீட்டுக்கு வாய் சற்று அகன்ற அடுப்பு வேண்டும், ஏனென்றால் மட்டையை நறுக்கிப் போடப் பலருக்குப் பொறுமை இருக்காது. தீக்குக் காற்றூதச் சிறு ஃபேன் வைத்த அடுப்பு என்றால் 2 முதல் 5 செ.மீ. வரையிலான சிறு துண்டுகளோ, மரத்தூளை இறுக்கி அச்சிட்ட பெல்லட்டோதான் போட முடியும். தினமும் விறகைத் துண்டு போட ஆள் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள். அழகாக வாங்கிவந்து பரணில் கிடக்கும் அடுப்புகளில் இந்த வகையே அதிகம்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குக் கொடுக்கும் சூட்டை, நல்ல விறகு அடுப்பில் பெற 100 கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த விறகு வேண்டும். மூன்று கல் கூட்டிய அடுப்பில் இதுவே 250 கிலோவைத் தாண்டலாம். உங்கள் ஊர் விறகுக் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள். விறகைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு அடுப்பின் விலையைவிட அது தின்னும் விறகுதான் பெரிய செலவு.

கடையில் கிடைக்கும் வகைகள்

குயவர் செய்யும் மண் அடுப்பு விலை மலிவு. கொடியடுப்பு சேர்த்த இரட்டை அடுப்பும் கிடைக்கும். முன் குழியில் சோறு வேகும்போது பின்குழியில் பருப்போ ரசமோ மிதமான சூட்டில் கொதிக்கும். இந்த வசதியைப் பல புது அடுப்புகள் தருவதில்லை. சிமென்ட் அடுப்பு பார்வைக்கு உறுதியானது. ஆனால் சூட்டில் சிமென்ட் தன் பிடிப்பை இழந்து நாளடைவில் செதில் செதிலாக உதிரும். வாங்காமல் இருப்பதே நல்லது. இரும்புத் தகட்டில் வளைத்த அடுப்பு வெந்நீருக்கும் அண்டாவுக்கும் ஏற்றது. ஆனால் சுற்றிலும் அனல் அடிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும். அடுத்தது உள்ளே ஒரு குழாய், வெளியே ஓர் உறை, நடுவில் சூடு கடத்தாத பொருள் என்று அமைந்த ராக்கெட் வகை. கடைசியாக ஃபேன் அடுப்பு.

‘புகையில்லா அடுப்பு’ என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். புகை குறைந்த அடுப்பு உண்டு, புகையே இல்லாத விறகு அடுப்பு கிடையாது. 1983இல் தொடங்கி 2002 வரை மத்திய அரசு புகைபோக்கி வைத்த மேம்பட்ட அடுப்புகளை நாடு முழுதும் கோடிக்கணக்கில் கட்டிக்கொடுத்தது. அவற்றில் பல நிலைக்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. தடித்த விறகு நுழையவில்லை என்று வீட்டிலேயே அடுப்பு வாயை உடைத்துப் பெரிதாக்கினார்கள். அத்தோடு காற்றின் இழுப்பு கெட்டது.

காற்றின் வழி

கடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விறகு தரையோடு ஒட்டிக் கிடந்தால் அடியிலிருந்து காற்று வராது. மேலே எரியும், கீழே புகையும். ஆகவே விறகைத் தாங்க ஒரு கம்பித் தட்டு வேண்டும். தட்டுக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 4 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவேளைச் சமையலில் சேரும் சாம்பலே வழியை அடைத்துவிடும். கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழைந்தால் சரி. அதைவிட அகலம் என்றால் தணல் எரிந்து முடிவதற்குள் கீழே விழுந்துவிடும்.

இந்தத் தட்டு கழற்றக் கூடியதா என்று கேளுங்கள். எந்த அடுப்பிலும் முதலில் கருகி வளைவது இதுதான். உள்ளேயே வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால் அது போனதும் அடுப்பே போனமாதிரி. தட்டை மட்டும் தனியாக விற்கிறார்களா, அதே கடையில் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ராக்கெட் வகையில் அடுப்பு வாயைக் குறுக்கே ஒரு தகடு இரண்டாகப் பிரித்திருக்கும். மேலே விறகு, கீழே காற்று. மேல்பாதி முழுக்க விறகைத் திணித்தாலும் கீழ்ப்பாதி திறந்தே இருக்கும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு உள்குழாய் 10 முதல் 12 செ.மீ. அகலம் போதும். விறகு எரியும் இடத்திலிருந்து பாத்திரத்தின் அடி வரை 25 முதல் 30 செ.மீ. உயரம் இருக்கட்டும். இந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. விறகு சூடேறும்போது வெளியேறும் வாயுதான் சுடராக எரிகிறது. அது எரிந்து முடியும் முன் குளிர்ந்த பாத்திரத்தில் மோதினால் அணைந்து கரியாகப் படியும், மிச்சம் புகையாக முகத்துக்கு வரும். உயரம் குறைந்த அடுப்பில் பாத்திரம் சீக்கிரம் கறுப்பது இதனால்தான்.

மேலே பாத்திரம் உட்காரும் குமிழ்களைப் பாருங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒரு தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். குமிழ் உயரம் 1 முதல் 2 செ.மீ. வரை போதும். அதற்குக் குறைந்தால் பாத்திரமே மூடிபோல் உட்கார்ந்து அடுப்பை அமுக்கிவிடும். அதிகமானால் சுடர் பக்கவாட்டில் ஓடிப் பாத்திரத்தின் கைப்பிடியைத்தான் சுடும்.

உலோகமும் மண்ணும்

‘காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர்’ என்று கடையில் காட்டும் சோதனை பாதி உண்மைதான். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, சரி. விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. மாறாக 430 ரகத்தில் ஒட்டும், ஆனாலும் அது சூட்டை நன்றாகத் தாங்கும். ஆகவே காந்தத்தை ஒதுக்கிவிட்டு, உள்குழாய் என்ன ரகம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளி உறை மெல்லியதாக இருந்தால் கவலையில்லை. தீ படும் உள்சுவர் சாதா இரும்பாக இருந்தால் குறைந்தது 2 மி.மீ. தடிமன் கேளுங்கள். எரியும் இடத்தில் சூடு 700 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மெல்லிய இரும்பு செதிலாக உரிந்து ஒரே மழைக்காலத்தில் ஓட்டை விழும்.

உள்ளே ஜி.ஐ. தகடு வைத்த அடுப்பு வேண்டவே வேண்டாம். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகும். இன்னும் சூடேறினால் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். பனி விழுந்த கண்ணாடிபோல் பூப்பூவாகத் தெரியும் தகடு என்றால் அது ஜி.ஐ. சுற்றுச்சுவருக்குள் அடைத்திருப்பது என்ன என்றும் கேளுங்கள். செராமிக், வெர்மிகுலைட் என்னும் லேசான கனிமம், சலித்த சாம்பல் எல்லாம் சரி. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள், அதன் தூசு நுரையீரலில் தங்கிவிடும்.

மண் அடுப்பை விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்திருக்கிறது. ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசலோ ஈரமோ இருக்கும். உடைந்த அடுப்புத் துண்டு ஏதாவது கடையில் கிடந்தால் அதன் நடுப்பகுதியைக் கவனியுங்கள். வெளியே சிவப்பு, நடுவில் கறுப்பு என்றால் சூளையில் முழுதாக வேகாத சரக்கு. அடுப்பு வாயின் மேல்வளைவிலும், குமிழ் உடலோடு சேரும் இடத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மயிரிழை விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் அவசரமாக மண் அடுப்பு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு மார்கழிப் பனியில் காயவைத்த அடுப்புகள்தான் அப்போது சந்தைக்கு வரும். அவற்றில் ஈரம் மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்ததை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். விலையும் குறைவாக இருக்கும்.

ஃபேன் அடுப்பு என்றால் கூடுதலாகச் சில. ஃபேனை ஓடவிட்டுக் காதை வையுங்கள். உரசும் சத்தம் வந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பேட்டரியும் ஃபேனும் தீ எரியும் பகுதியிலிருந்து தள்ளி, தகடு ஒன்றால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபேன் நின்றால் அடுப்பு எப்படி எரியும் என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் ‘புகையும்’ என்பதுதான். மின்வெட்டு நேரத்துக்கென்று வாங்குபவர் பேட்டரி எத்தனை சமையலுக்குத் தாங்கும் என்று கேட்காமல் வரக் கூடாது.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கையில் எடுத்துச் செல்லும் விறகு அடுப்புகளுக்கு ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, 2013இல் திருத்தப்பட்டது. அதன்படி ஃபேன் இல்லாத அடுப்பின் வெப்பத்திறன், அதாவது விறகின் சூட்டில் பாத்திரத்துக்குப் போகும் பங்கு, குறைந்தது 25 சதவீதம், ஃபேன் அடுப்பு என்றால் 35 சதவீதம். பாத்திரத்தில் இறங்கும் ஒவ்வொரு மெகாஜூல் (சூட்டை அளக்கும் அலகு) சூட்டுக்கும் கார்பன் மோனாக்சைடு 5 கிராமைத் தாண்டக் கூடாது. நுண்துகள் ஃபேன் இல்லாததில் 350 மில்லிகிராம், ஃபேன் உள்ளதில் 150 மில்லிகிராம் வரை அனுமதி. சோதனைச் சான்று கேட்டால் இந்த எண்களைத் தேடுங்கள். ‘80 சதவீதம் புகை குறைவு’ என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் எதோடு ஒப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. குயவரிடம் சான்று கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். அதற்குத்தான் அடுத்து வரும் சோதனை.

ஐந்து லிட்டர் தண்ணீர் சோதனை

கடைக்காரர் கொளுத்திக் காட்டினால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடப் புகை இயல்பு. அதற்குப் பிறகும் வாய் வழியே புகை திரும்பி வந்தால் இழுப்பு இல்லை என்று பொருள். ஆனால் அவர் போடுவது பொறுக்கி எடுத்த காய்ந்த சுள்ளி என்பதை மறக்க வேண்டாம். உண்மையான சோதனை உங்கள் விறகை வைத்து உங்கள் வீட்டில்தான். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

1. உங்கள் விறகைக் கட்டைவிரல் தடிமனுக்குப் பிளந்து சரியாக 1 கிலோ எடுத்து வையுங்கள்.
2. மூடியுள்ள பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஆறிய அடுப்பில் ஏற்றித் தீ மூட்டுங்கள். காற்றடிக்காத நேரமாக இருக்கட்டும்.
3. தளதளவென்று கொதித்ததும் விறகை வெளியே இழுத்து அணையுங்கள். தண்ணீர் தெளிக்காமல் மணலில் புதைத்து அணைத்தால்தான் எடை சரியாக இருக்கும்.
4. மிச்ச விறகையும் தணல்கரியையும் தனித்தனியே எடை போடுங்கள்.

எரிந்த விறகின் எடையிலிருந்து கரியின் எடையை இருமடங்காக்கிக் கழிக்க வேண்டும், ஏனென்றால் கரியில் விறகைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு சூடு இருக்கிறது. மிச்ச விறகு 450 கிராம், கரி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எரிந்தது 550. அதிலிருந்து 100 போனால் 450 கிராம்.

இந்த எண் நல்லதா? காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் சூடு தரும். அறைச்சூட்டில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீர் கொதிக்க 1.5 மெகாஜூல் போதும். அதாவது சூடு சிறிதும் வீணாகாவிட்டால் 100 கிராம் விறகே போதும். 400 கிராம் எரித்தால் கால்பங்கு சூடு தண்ணீருக்குப் போயிருக்கிறது. 400 முதல் 500 கிராமுக்குள் வந்தால் நல்ல அடுப்பு. 700ஐத் தாண்டினால் சுமார். கிலோவை நெருங்கினால் மூன்று கல்லைக் கூட்டி எரித்திருக்கலாம். நேரம் 20 முதல் 25 நிமிடம் ஆகும். மண் அடுப்பு முதல் முறை அதிகம் தின்னும், அதன் கனத்த சுவர் சூட்டைக் குடித்துக்கொள்ளும். அதனால் சூடு ஆறும் முன் இரண்டாவது முறையும் செய்து பார்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எண் மோசமாக வந்தால் அடுப்பைத் திட்டும் முன் விறகைப் பாருங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டக்’ என்று தெறிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரியும் வெடிப்புகளும், தானே கழன்று வரும் பட்டையும் நல்ல அடையாளம். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். எடைபோட்டு வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார். முருங்கை போன்ற மென்மரம் படபடவென்று எரிந்து தணல் இல்லாமல் போகும். அரளிக் கட்டையை அடுப்பருகே கொண்டுவரவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய கதவுச் சட்டம், பிளைவுட் துண்டு இவையும் அப்படியே.

வைக்கும் இடம்

அக்னி மூலை பார்ப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், கூடவே அந்த மூலையில் ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுப்பு வாய் நேராகக் காற்றை நோக்கி இருக்கக் கூடாது. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று நேரே வாய்க்குள் புகுந்தால் சுடர் மறுபக்கம் பாய்ந்துவிடும், பாத்திரம் சூடேறாது. தேனி, கோவைப் பக்கம் இது நன்றாகத் தெரியும். மேற்கே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் விறகு மிச்சமாகும்.

புகைபோக்கி வைப்பதென்றால் 10 செ.மீ. விட்டக் குழாய், கூரைக்கு மேல் குறைந்தது 60 செ.மீ., உச்சியில் மழைத் தொப்பி. படுக்கையாகப் போகும் நீளத்தைக் கூடியவரை தவிருங்கள், கரி அங்கேதான் தேங்கும். மாதம் ஒருமுறை சாக்குத்துணி கட்டிய கம்பால் துடைக்க வேண்டும். ஈர விறகு எரிப்பவர் வீட்டில் தார்போல் ஒட்டியிருக்கும், அது ஒருநாள் தீப்பிடிக்கலாம். ஓலைக் கூரை வீட்டில் அனுபவமுள்ள கொத்தனார் இல்லாமல் குழாயைக் கூரை வழியே விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புகை நின்று தணல் மட்டும் கனன்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தணலிலிருந்துதான் அதிகம் வரும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போனது உண்டு. படுக்கும் அறைக்குள் தணலைக் கொண்டுபோகவே கூடாது.

முதல் வாரம், முதல் மாதம்

மண் அடுப்பை வாங்கிய அன்றே முழுத் தீ போட வேண்டாம். நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, பிறகு மூன்று நாள் தேங்காய் மட்டையிலோ வைக்கோலிலோ அரைமணி நேரம் இளந்தீ மூட்டுங்கள். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியேறும். அவசரப்பட்டால் அது நீராவியாகி அடுப்பைப் பிளந்துவிடும். சிறு கீறல்களுக்குக் களிமண்ணும் மணலும் சம அளவு, அதோடு ஒரு பிடி உமி, சாணி சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். சிமென்ட் பூச வேண்டாம். சூடான அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இரும்பு அடுப்பில் முதல் இரண்டு தடவை பெயின்ட் வாடை வரும், அதைத் திறந்தவெளியில் எரித்துத் தீர்த்துவிட்டுச் சமைக்கத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து ஆறிய அடுப்பைக் கவிழ்த்து உள்சுவரைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கரி விழுந்தால் பரவாயில்லை. துருநிறத்தில் தகடு தகடாகச் செதில் விழுந்தாலோ கம்பித் தட்டு நடுவில் தொய்ந்திருந்தாலோ, ரகமும் தடிமனும் எழுதிய அந்தப் பில்லோடு கடைக்குப் போங்கள்.